விக்ரோறியா பார்க்கில் விடுபட்ட அரசன்

மச்சான்,

நேற்றுப் புத்தக அலுமாரியை ஒதுக்கும்போது உன் கல்வெட்டு கையில் தட்டுப்பட்டது. நீ செத்த முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்த நினைவுப் புத்தகம். வழவழப்பான தாளில் மை வாசம் இன்னும் போகவில்லை. நடுப்பக்கத்தில் உங்கள் வம்சாவழி. உன் பூட்டனார் தொடக்கம் உன் மகள் ஆரணி வரை ஐந்து தலைமுறை, பெட்டி பெட்டியாக. உன் மச்சினன் கீறியது. அன்று மண்டபத்தில் அதைப் பார்த்தபோது எனக்குத் துக்கத்துக்கு முன்னால் எரிச்சல்தான் வந்தது. உன் வம்சத்தைக் கீற என்னை விட்டால் யார் இருக்கிறார்கள் என்று நினைத்தேன். தேத்தண்ணி கொண்டுவந்த உன் மனைவியிடம், "தங்கச்சி, உதை ஆர் கீறினது?" என்று கேட்டும் விட்டேன். "எங்கட அண்ணை. வடிவா வந்திருக்கு, என்ன?" என்றாள். "ஓம்" என்றேன்.

உன் முப்பத்தோராம் நாளில்கூட என்னால் பொறாமைப்படாமல் இருக்க முடியவில்லை. அதைப் பற்றித்தான் இந்த மடல். உன்னிடம் மறைத்து என்ன பயன்? உனக்கு எப்போதோ தெரியும்.

ரூஜில் நானும் நீயும் அடுத்தடுத்த தெருவில் இருந்த காலம் அது. இருவருக்கும் பிறம்ரனில் ஒரே வெயார்ஹவுசில் வேலை. காலை ஐந்தரைக்கு உன் கார் என் வாசலில் நிற்கும். நகரத்தின் கிழக்கு நுனியில் இருக்கும் ரூஜிலிருந்து நகரம் முழுவதையும் தாண்டி மேற்கே போகவேண்டும். நானூற்றியோராம் நெடுஞ்சாலை நெரிந்துவிட்டால் ஒன்றரை மணித்தியாலம். நீ ஓ.எல். சோதனையோடு பள்ளியை விட்டு லொறி ஓடப் போனவன். நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் வரலாறு படித்து, மூன்றாம் வருடம் சண்டையில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடிவந்தவன். இங்கே இருவரும் ஒரே பெட்டியைத்தான் தூக்கினோம். ஆனாலும் அந்த இரண்டு வருடத்தை நான் ஒருநாளும் மறந்ததில்லை. உன் காரில் உனக்குப் பக்கத்தில் இருக்கும்போது இன்னும் அதிகமாக நினைவிருக்கும்.

நூலகத்தில் பழைய புத்தகங்களை விற்ற ஒரு நாளில்தான் மட்டை கிழிந்த அந்தத் தடித்த புத்தகத்தை வாங்கினேன். நோர்மன்காரர் வந்து பிடிப்பதற்கு முன்னால் இங்கிலாந்தை ஆண்ட ஆங்கிலோ-சாக்சன் அரசர்களின் வரலாறு. எனக்குத் தெரிந்த ஒருவருக்கும் தெரியாத விஷயம் என்பதுதான் அதில் எனக்கிருந்த பெரிய கவர்ச்சி. காலையில் உனக்குக் கதை சொல்லத் தொடங்கினேன்.

"என்ன மச்சான், எல்லாருக்கும் எதெல், எதெல் எண்டே பேர் வச்சிருக்கிறாங்கள்?" என்று கேட்டாய்.

"எதெல் எண்டால் உயர்குடி. அரச குடும்பமெண்டு காட்டுறது."

"அப்ப எங்கட ஆக்கள் ஒரே வீட்டிலை ஸ்ரீகாந்தன், ஸ்ரீரஞ்சன், ஸ்ரீதரன் எண்டு வைக்கிற மாதிரி."

இரண்டு நாளாக நான் புத்தகத்தோடு மல்லுக்கட்டிய விஷயத்தை நீ ஒரு சிவப்பு விளக்கில் முடித்துவிட்டாய். அவர்கள் தங்கள் வம்சத்தை வோடன் என்ற தெய்வம் வரைக்கும் கொண்டுபோனார்கள், அதுவும் போதாமல் பிறகு ஆதாம் வரைக்கும் நீட்டினார்கள் என்று சொன்னபோது ஸ்டியரிங்கில் தட்டித் தட்டிச் சிரித்தாய்.

பிறகுதான் அந்தப் பட்டியல் வந்தது. ஒரு திங்கட்கிழமை, நெடுஞ்சாலையில் ஏறியதும், அதைவிட்டு இறங்கும் ஒவ்வொரு வெளிவழிக்கும் ஒவ்வோர் அரசனைச் சொல்லத் தொடங்கினாய். "போர்ட் யூனியன், எக்பேர்ட். மெடோவேல், அவன்ர மகன் எதெல்வுல்ஃப். இனி மகன்மார் நாலு பேர், ஒருத்தனுக்குப் பிறகு ஒருத்தன். மோர்னிங்சைட் எதெல்பால்ட், நீல்சன் எதெல்பேர்ட், மார்க்கம் றோட் எதெல்ரெட், மக்கோவன் அல்ஃபிரட்." பிரிம்லியில் அல்ஃபிரட்டின் மகன் எட்வர்ட், கெனடியில் எதெல்ஸ்ரன், வோர்டனில் எட்மண்ட். விக்ரோறியா பார்க்கில் எட்ரெட். யங் தெருவில், ஆலோசனை கெட்டவன் என்று பெயரெடுத்த இரண்டாவது எதெல்ரெட். "யங்கிலை எப்பவும் நெரிசல். அவன்ர ஆட்சியும் சரியான நீளம். அதாலை மறக்காது" என்றாய். கொப்பி இல்லை, பென்சில் இல்லை. ஒன்றையும் தவற விடவில்லை. நான் யன்னல் பக்கம் திரும்பி லொறிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புத்தகம் என்னுடையது. அரசர்கள் உன்னுடையவர்களாகிவிட்டார்கள்.

எனக்கென்று மிஞ்சியது ஒருவன்தான். எதெல்வோல்ட். அவன் தகப்பன், உன் கணக்கில் மார்க்கம் றோட்டில் நிற்கும் எதெல்ரெட், அரசனாக இருந்து செத்தபோது இவன் சிறு பிள்ளை. வைக்கிங்குகளோடு சண்டை நடந்த நேரம். அதனால் சிற்றப்பன் அல்ஃபிரட் முடிசூடினான். வருடங்கள் கழித்து அல்ஃபிரட் இறந்ததும், முடி அவன் மகன் எட்வர்ட்டுக்குப் போனது. எதெல்வோல்ட் பொறுக்கவில்லை. தகப்பனைப் புதைத்த ஊரைப் பிடித்துக்கொண்டு, வாழ்ந்தால் இங்கே, செத்தால் இங்கே என்று அறிவித்தான். பிறகு அங்கிருந்து நழுவி, எதிரிகளோடு சேர்ந்து திரும்பிவந்து போர்க்களத்தில் செத்தான்.

"அவன்ரை பக்கம் நியாயம் இருக்கு" என்றேன் நான்.

"சனம் செத்துக்கொண்டிருக்கேக்கை குழந்தையை வச்சு என்ன செய்யிறது?"

"வளந்த பிறகு குடுத்திருக்கலாமெல்லே."

"அவன் வாய் திறந்து கேட்டவனோ?" என்றாய். புத்தகத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. எனக்குக் கோபம் வந்தது. ஆயிரத்து நூறு வருடத்துக்கு முந்தின ஒருவனுக்காக எனக்கு ஏன் கோபம் வரவேண்டும் என்று நீ கேட்கவில்லை.

நூலகத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை பின்னேரம், அயலில் இருக்கும் யாராவது தங்களுக்குப் பிடித்த ஒரு விஷயத்தைப் பற்றிப் பேசுவார்கள். என்னை ஒருநாள் கேட்பார்கள் என்று நான் இரண்டு வருடமாக எதிர்பார்த்திருந்தேன். ஒருநாள் புத்தகம் திருப்பிக் கொடுக்கப் போனபோது நீயும் வந்தாய். நான் வரிசையில் நின்ற இடைவெளியில், அங்கிருந்த நூலகப் பெண்ணுக்கு உன் உடைந்த இங்கிலீசில் அரசர்களின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாய். அவள் கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். முடிவில், "நீங்கள் எங்களுக்கு இதைப் பற்றிப் பேசுவீர்களா?" என்று உன்னிடம் கேட்டாள். நீ என்னைக் காட்டி, இவருக்குத்தான் கூடத் தெரியும் என்றாய். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நீயும் பார்த்தாய். எனக்கு விருப்பம் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். "நீ செய் மச்சான், நல்லா இருக்கும்" என்றேன்.

பேச்சுக்கு இரண்டு கிழமைக்கு முன்னால் உன் வீட்டு நிலக்கீழ் அறையில், நீ கீறிய வம்சாவழியை நிலத்தில் விரித்துக் காட்டினாய். ஆளுயரத் தாள். வோடனிலிருந்து தொடங்கி, நோர்மன்காரரோடு சண்டையில் செத்த கடைசி அரசன் ஹரோல்ட் வரைக்கும். அழகாக இருந்தது. பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. அப்போதுதான் கண்டேன். எதெல்வோல்ட்டை எதெல்ரெட்டுக்குக் கீழே போடாமல், தமையன் எதெல்பேர்ட்டுக்குக் கீழே போட்டிருந்தாய். என்னுடைய ஒரே ஆளைப் பிழையான தகப்பனுக்குப் பிள்ளையாக்கியிருந்தாய்.

"எப்பிடி?" என்று கேட்டாய்.

"வடிவா இருக்கு."

பேச்சு நாளன்று நூலகத்துக்கு இருபது பேரளவில் வந்திருந்தார்கள். நீ தாளைப் பார்க்காமலே பேசினாய். ஸ்ரீகாந்தன், ஸ்ரீரஞ்சன் கதையைச் சொன்னபோது வெள்ளைக்காரக் கிழவிகள்கூடச் சிரித்தார்கள். முடிவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கையை உயர்த்தி, மிக மரியாதையாக, அந்த எதெல்வோல்ட் எதெல்ரெட்டின் மகன் அல்லவா என்று கேட்டார். நீ தாளைத் திரும்பிப் பார்த்தாய். பிறகு மூன்றாம் வரிசையில் இருந்த என்னைப் பார்த்தாய். நான் குனிந்து சப்பாத்தைப் பார்த்தேன். அது போதும் உனக்கு.

"சொறி. மை மிஸ்ரேக்" என்றாய். சிவப்புப் பேனையால் கோட்டை வெட்டி, சரியான தகப்பனோடு சேர்த்துக் கீறினாய். அதற்கும் கைதட்டினார்கள். நீ விழுந்ததைப் பார்க்க வந்த நான், நீ எழும்பிய விதத்தைப் பார்த்தும் பொறாமைப்பட்டேன்.

காரில் வீட்டுக்கு வரும்போது கேட்டாய். "நீ முதலே பாத்தனி, என்ன?"

"ஓம்."

"எப்ப?"

"நிலத்திலை விரிச்சண்டைக்கு."

ஒரு சந்தி கடந்தது. "உனக்குப் பேச விருப்பமெண்டு சொல்லியிருக்கலாம். நான் விட்டிருப்பன்" என்றாய். உன் குரலில் கோபம் இல்லை. கோபித்திருந்தால் நானும் பதிலுக்குக் கோபித்துத் தப்பியிருப்பேன்.

திங்கட்கிழமை ஐந்தரைக்கு உன் கார் வழமைபோல வந்தது. ஆனால் நீ வானொலியைப் போட்டாய். மோர்னிங்சைட் போனது, நீல்சன் போனது, மக்கோவன் போனது. நீ ஒரு பெயரும் சொல்லவில்லை. நான் மன்னிப்புக் கேட்கச் சொற்களைத் தேடிக்கொண்டே நாலு மாதம் உன் காரில் போய்வந்தேன். அதற்குள் நீ பிக்கரிங்கில் வீடு வாங்கி, அங்கேயே வேலையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாய். புதுவீட்டுக்கு நான் வந்தபோது பெரிய சமையலறையைக் காட்டினாய். அதைப் பார்த்தும் எனக்கு வயிறு எரிந்தது. சரி, அதை விடுவோம்.

ஒன்றரை வருடம் கழித்து ஆரணி தொலைபேசி எடுத்தாள். "அங்கிள், அப்பாவுக்கு ஸ்ட்ரோக். இப்ப ஓகே, வீட்டை வந்திட்டார். ஆனா கதைக்கிறது கஷ்டம். அவருக்கு விருப்பமான விஷயங்களைக் கதைக்கச் சொல்லி தெரப்பிஸ்ட் சொல்றா. அந்தக் கிங்ஸ் எல்லாம் உங்களுக்குத்தானே தெரியும். நீங்க வந்து கதைப்பீங்களா?"

இதை எழுதக் கை கூசுகிறது. போனை வைத்ததும் என் மனதில் முதலில் வந்தது, இனி எனக்கு மட்டும்தான் தெரியும் என்ற நினைப்பு. ஒரு கணம்தான். அதன் பிறகு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நெடுநேரம் இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தேன். யன்னலோரக் கதிரையில் இருந்தாய். வலது கை மடியில் கிடந்தது. ஆரணி பக்கத்தில் இருந்தாள். நான் எக்பேர்ட்டில் தொடங்கினேன். நீ கண்ணை மூடிக்கொண்டு கேட்டாய். நாலு தம்பி தமையன்மாரையும் ஒழுங்காகச் சொன்னேன். எட்வர்ட், எதெல்ஸ்ரன், எட்மண்ட், எட்விக் என்று போக, நீ இடது கையை உயர்த்தினாய். வாயைக் கோணிக் கோணி எதையோ உருட்டினாய்.

"விக்... விக்... பாக்."

"என்னப்பா? தண்ணியா?" என்றாள் ஆரணி.

எனக்கு விளங்கியது. எட்மண்டுக்கும் எட்விக்குக்கும் நடுவில் எட்ரெட்டை விட்டுவிட்டேன். அவன் நிற்பது விக்ரோறியா பார்க்கில். உனக்குப் பெயர் வரவில்லை, வெளிவழிதான் வந்தது. பாதி வாயை வைத்துக்கொண்டும் நீ என்னைப் பிடித்துவிட்டாய். உச்சந்தலைவரைக்கும் எரிந்தது. கூடவே கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. உன் கோணிய உதடு சிரித்தது. "பிழை எண்டால் உடனை சொல்லிப்போடுவான்" என்று ஆரணியிடம் சொன்னேன். நீ நல்ல கையால் என் முழங்காலில் இரண்டு தரம் தட்டினாய்.

அதற்குப் பிறகு ஐந்து ஞாயிறு கிடைத்தது. ஆறாவது ஞாயிறு நான் புறப்படுவதற்கு முன்னால் போன் வந்துவிட்டது.

போன மாதம் நூலகத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். அந்தப் பெண் கேட்டு முடிப்பதற்குள் ஓம் என்றுவிட்டேன். பதினொரு பேர் வந்தார்கள். எதெல்வோல்ட்டைப் பற்றி மட்டும் பேசினேன். ஒரு பிழையும் விடவில்லை. ஒருவரும் சிரிக்கவில்லை. முடிந்து வெளியே வரும்போது ஒரு வயதான பெண்மணி என்னிடம் வந்து, முந்தி ஒருவர் இதே அரசர்களைப் பற்றிப் பேசினாரே, தாளைப் பார்க்காமலே எல்லாரையும் சொன்னாரே, அவர் இனி வரமாட்டாரா என்று கேட்டார். அவர் என் சிநேகிதன், இறந்துவிட்டான் என்றேன். அந்தப் பெண்மணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ன அருமையாகப் பேசினார்" என்றார்.

வீட்டுக்கு வரும் வழி முழுவதும் பொறாமைதான், மச்சான். நீ பக்கத்தில் இருந்து கார் ஓடிய காலத்தில் எரிந்ததுபோல அப்படியே எரிந்தது. முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு யோசித்தேன். உன் முகம் சில நாளில் கலங்கலாகத்தான் வருகிறது, குரலும் தூரப் போய்க்கொண்டிருக்கிறது. இந்த எரிச்சல் ஒன்றுதான் கொஞ்சமும் குறையாமல், நீ என்னோடு இருந்தபடியே இருக்கிறது. இதையும் விட்டுவிட்டால் உன்னில் எனக்கு என்ன மிஞ்சும்? இருந்துவிட்டுப் போகட்டும். நான் இதோடு வாறன்.