விழா மலரில் இல்லாத குட்டை

ஐப்பசி 18, செவ்வாய்.

மாரியம்மன் கோயில் விழா மலருக்கு என்னை ஊர் வரலாறு எழுதச் சொன்னதே கொழுந்தனார்தான். கமிட்டித் தலைவர், பனியன் கம்பெனி முதலாளி. சாயங்காலம் வந்து படிச்சவர் குட்டையைப் பத்தின இடத்துல நின்னுட்டார்.

"இது வேண்டாமுங்க அண்ணி. குட்டையை மூடித்தான் நம்ம கம்பெனியக் கட்டுனோம்னு ஊரே படிக்கோணுமா?"

"கோயில் நோம்பி முடிஞ்சா அம்மன் முன்னால நட்ட கம்பத்தைப் புடுங்கி அந்தத் தண்ணியிலதானுங்களே தம்பி விடுவோம்?"

"இப்பத்தான் சிமெண்ட் தொட்டி இருக்குதே. அதுக்கு வருசா வருசம் லாரித் தண்ணி அனுப்பறது நம்ம கம்பெனிங்க. அத எழுதுங்க."

மண்ணைக் கொட்டி மூடினப்பவே வாயைத் திறக்காதவ நான். குட்டையை அடிச்சுட்டு லாரியை எழுதிக் குடுத்தேன்.

"வரலாத்து டீச்சர் எழுதுனா சும்மாங்களா!"ன்னு மெச்சிட்டுப் போனார்.