அண்ணன் தலையை நேர்ந்துகொண்ட வதினாவுக்கு

வதினா,

இன்றைக்குச் சாயங்காலம் தையல் வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே கரண்ட் போய்விட்டது. மோட்டார் மிஷின் எல்லாம் ஒன்றாக நின்றன. பெண்கள் "ஓ" என்று கத்தினார்கள். எனக்கோ சிரிப்பு. "இன்னாக்கா, கரண்ட் போனதுக்குப் போயி சிரிக்கிறீங்க?" என்று ஒருத்தி கேட்டாள். அவளுக்கு என்ன சொல்ல? இருட்டும் சூடான மிஷின் எண்ணெய் வாசனையும் சேர்ந்தால் நீ வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறாய். போய்ச் சேர்ந்த பிறகும் இந்தப் பழக்கத்தை விடமாட்டேன் என்கிறாயே.

என் அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்தவள் நீ. நானோ கட்டிக்கொடுத்த இடத்தில் ஒத்துவராமல் அதே அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்தவள். வந்த நாள் முதல் வாயைத் தைத்துக்கொண்டேன். யாராவது வீட்டுக்கு வந்தால் சமையலறைக்குள் ஓடுவேன். தெரிந்ததெல்லாம் மிஷின் ஒன்றுதான். முன் அறையில் ஒரு தையல் வகுப்பு நடத்தினால் நம் சோற்றை நாமே சம்பாதிக்கலாம் என்று ஆசை. அதைக்கூட உன்னிடம்தான் சொன்னேன், நீதான் அண்ணனிடம் கேட்டாய்.

அந்த அறை முழுக்க அண்ணன் பொதட்டூர்பேட்டையிலிருந்து எடுத்துவந்து திருத்தணி மலையடிவாரத்தில் விற்கிற லுங்கி மூட்டைகள். "நாலு பேரு எதிர்ல வாயத் தொறக்கமாட்டா, இவ கிளாஸ் எடுக்கப் போறாளா? மூட்டைய நான் எங்க வைக்கறது?" என்றார். அண்ணன் கெட்டவர் இல்லை. மூட்டைமேல் அப்படி ஒரு பாசம்.

நீ விடுவாயா? "டிவில பேசினான்னா ரூம் குடுப்பியா?" என்றாய். "டிவிலயா? இவளா? குடுத்துட்டா போச்சு" என்று அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார்.

லுங்கி வெட்டும்போது விழுகிற துண்டுகளில் நான் குழந்தைகளுக்கு ஜப்லா தைப்பதைப் பற்றி மெட்ராஸ் டிவி ஸ்டேஷனுக்கு என் பேரில் நீ ஏற்கெனவே கார்டு போட்டிருந்தது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது. மகளிர் நிகழ்ச்சிக்கு வரச் சொல்லி அவர்கள் பதில் போட்டதும் எனக்குக் காய்ச்சலே வந்துவிட்டது. நேரடி ஒளிபரப்பாம். தப்பாகப் பேசினால் பேசியதுதான்.

ரயில் ஏற்றிவிட வந்தபோது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நீ சொன்னாய்: "கேமராவப் பாக்காத. எதிர்வீட்டு டிவி முன்னாடி நான் உக்காந்துகினு இருப்பேன். என்கிட்ட சொல்றாப்ல சொல்லு."

"மறந்துட்டேன்னா?"

"மறந்துட்டேன்னு சொல்லு. உன் வாயிலேருந்து அதாவது வரட்டும்."

அங்கே முகத்தில் பவுடரை அப்பி விளக்குக்கு நேராக உட்கார வைத்தார்கள். கேமராவில் சிவப்பு பல்பு எரிந்தது. எதிரே பட்டுப்புடவையில் இருந்த அம்மா, "உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்றார். என்னைப் பற்றியா? பேரே மறந்துபோய்விட்டது. கையிலிருந்த கத்திரிக்கோலை மேஜையில் வைத்தேன், எடுத்தேன், மறுபடி வைத்தேன். அவ்வளவுதான், அறையும் போச்சு, மானமும் போச்சு என்று நினைத்தேன். கண்ணாடிக்குப் பின்னால் யாரோ கையை ஆட்டினார்கள். அப்போதுதான் அந்தச் சிவப்பு பல்பைப் பார்த்து, "வதினா, கேக்குதா?" என்றேன்.

அந்த அம்மா திடுக்கிட்டுப் போய், "வதினான்னா யாருங்க?" என்றார். "அண்ணிங்க. எங்க பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். திருத்தணில டிவி முன்னாடி உக்காந்துகினு இருக்கா." பிறகு எங்கிருந்துதான் வந்ததோ பேச்சு! துணியை மடித்தேன், கழுத்தை வெட்டினேன், வாய் நிற்கவில்லை. "நீ அன்னிக்குக் கழுத்த அகலமா வெட்டி, சட்டை கொழந்தை தோள்ல நிக்காம தொப்புளுக்கு வந்துச்சே வதினா, அப்படி வெட்டக் கூடாது" என்றுகூடச் சொல்லிவிட்டேன். கேமரா பிடித்தவரே சிரித்துவிட்டார்.

அன்றிரவு மெட்ராஸில் சித்தி வீட்டில் தங்கி, மறுநாள் ராணி மாதிரி திருத்தணி ஸ்டேஷனில் இறங்கினேன். நீ முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றாய்.

"கரண்ட் போச்சுடி. டிவில நீ வர்றதுக்கு முன்னாடி போனது, நீ போனப்புறந்தான் வந்துச்சு."

பிளாட்பாரம் என்றுகூடப் பார்க்காமல் அழுதேன். அண்ணனோ, "நான் பாக்கலியே. பாக்காததுக்கு எப்படி ரூம் குடுக்கறது?" என்று மூட்டைமேல் சாய்ந்துகொண்டார்.

அன்றைக்குச் சாயங்காலமே, முந்தின நாள் எதிர்வீட்டில் டிவி பார்க்க வந்து ஏமாந்த அத்தனை பேரையும் நம் வீட்டு முன் அறைக்கு ஓட்டிக்கொண்டு வந்தாயே, உன்னை என்ன சொல்ல! அண்ணன் பதறப் பதற எல்லோரையும் லுங்கி மூட்டைமேல் உட்கார வைத்தாய். எனக்கு ஒரு ஸ்டூல். உன் கையில் மைக்குக்குப் பதில் சப்பாத்திக் கட்டை. "வணக்கம் நேயர்களே. நேற்றைய தடங்கலுக்கு வருந்துகிறோம்" என்று டிவிக்காரர்கள் குரலிலேயே சொன்னாய்.

மெட்ராஸே தேவலை போலிருந்தது. அங்கே இருந்தவர்கள் யாரோ. இங்கே நான் திரும்பி வந்த கதையை வாய்க்கு வாய் மென்றவர்கள். சமையலறைப் பக்கமே கண் போனது. கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு அண்ணன். நான் உன்னை மட்டும் பார்த்தேன்.

"வதினா, கேக்குதா?"

"ஆங், கேக்குது. சொல்லு."

பதில் வந்துவிட்டதே! நேற்றைப்போலவே எல்லாம் சொன்னேன். உன் கழுத்து வெட்டுக்கு வந்தபோது கொஞ்சம் தயங்கி, அதையும் சொன்னேன். "அடிப் பாவி, என் மானத்த மெட்ராஸ் வரைக்கும் வாங்கிட்டியா!" என்று நீ சப்பாத்திக் கட்டையை ஓங்கினாய். தெருவே சிரித்தது. அண்ணன் சிரிப்பை அடக்கிப் பார்த்து முடியாமல், "சரி சரி, மூட்டைய எங்க வைக்கறது, அதச் சொல்லுங்க" என்றார்.

அப்புறம்தான் நீ மெதுவாக அடுத்ததை எடுத்துவிட்டாய். இவள் வாய் திறந்தால் மொட்டை போடுவதாக முருகனுக்கு வேண்டிக்கொண்டாயாம். மொட்டை உனக்கு இல்லை, அண்ணனுக்கு! நெற்றியில் சுருட்டி விட்டிருந்த முடியை அண்ணன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"யாரக் கேட்டு என் தலைய வேண்டிக்கின?"

"முருகரத்தான் கேட்டேன்."

"நாந்தான் டிவில பாக்கவே இல்லையே!"

"அவரு மலைமேல இருக்காரு. அவருக்கு கரண்ட் போகாது" என்றாய். அண்ணன் மொட்டையோடு இறங்கி வந்த அன்றைக்குத்தான் மூட்டைகள் வெளியேறி என் மிஷின் முன் அறைக்கு வந்தது.

அதே அறையிலிருந்துதான் எழுதுகிறேன் வதினா. இப்போது இங்கே எட்டு மிஷின் ஓடுகிறது. கே.ஜி.கண்டிகையிலிருந்து வருகிற பெண் ஒருத்தியை நாளைக்கு நம்ம ஊர் கேபிள் டிவியில் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். நேரடிதான். இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை அவளுக்கு. "கேமராவப் பாக்காத, நான் டிவி முன்னாடி உக்காந்துகினு இருப்பேன்" என்று சொல்லியிருக்கிறேன். கரண்ட் போனால்? போகட்டும். ஸ்டூல் இருக்கிறது, சப்பாத்திக் கட்டையும் இருக்கிறது.

நீ போனதிலிருந்து அண்ணன் அதிகம் பேசுவதில்லை. சாப்பிடுகிறார், வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். கரண்ட் வந்ததும் அவரிடம் போய், அந்தப் பெண் நன்றாகப் பேசினால் மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டிருக்கிறேன், மொட்டை அவருக்குத்தான் என்று சொன்னேன். மிச்சம் இருக்கிற நாலு முடியையும் தடவிக்கொண்டே முறைத்தார்.

"யாரக் கேட்டு வேண்டிக்கின?"

"வதினாவக் கேட்டேன்."

தலையிலிருந்து கையை எடுத்தார்.

"அப்போ சரி" என்றார்.