திருப்பி மாட்டாத அட்டை

அன்புள்ள சின்னவளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. உன் அம்மாவின் முழங்காலையும் என் வாயையும் கழித்துவிட்டுப் பார்த்தால் இங்கே எல்லாம் நலம்தான். நீ நலமா என்று கேட்கப்போவதில்லை, நேற்று போனில் உன் குரலைக் கேட்டதே போதும். குழாய்க்காரன் வந்து சமையலறைக் குழாயைச் சரிசெய்துவிட்டுப் போனான், இப்போது குளியலறையில் ஒழுகுகிறது. உன் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வந்து ஒரு மணி நேரம் இருந்தான், அதில் முக்கால் மணி நேரம் போனைத் தடவிக்கொண்டிருந்தான். மீதி நேரம் உன் அம்மா உன்னைப் பற்றிப் பெருமை அடித்தாள், போலீஸ்காரர்களுக்கே புத்தி சொல்கிற வேலை என்று. புத்தி சொல்கிற வேலை இல்லை, மனசு உடைந்து வருகிறவர்களிடம் பேசிக் கரையேற்றுகிற வேலை என்று நான்தான் திருத்தினேன். எனக்கு அந்த வேலை பிடிக்காது என்பது வேறு விஷயம். ஊரார் அழுகையை எல்லாம் நாள் முழுக்கக் காது கொடுத்துக் கேட்கிறாய், அப்பன் இரண்டு வார்த்தை பேசினால் மட்டும் மீட்டிங் இருக்கிறது என்று போனை வைத்துவிடுகிறாய். நேற்று முதல் தடவையாக நான் வைத்தேன். அதற்குக் காரணம் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உன்னிடம் வருகிற ஒரு போலீஸ்காரர், துப்பாக்கியைக் கையில் வாங்கும்போதெல்லாம் தப்பான நினைப்பு வருகிறது என்று சொல்லிவிட்டு, இதை ரிஜிஸ்டரில் எழுதிவிடாதீர்கள் என்று கெஞ்சியிருக்கிறார். நீயும் மனசு இளகி, எழுதாமல், காய்ச்சல் என்று சொல்லி மூன்று நாள் விடுப்பு வாங்கிக் கொடுத்திருக்கிறாய். வெள்ளிக்கிழமை அவர் திரும்ப டூட்டிக்கு வருகிறார். நம்பிச் சொன்னவரை எப்படியப்பா காட்டிக்கொடுப்பது, நீங்கள் முப்பது வருஷம் ஸ்டேஷனில் ரைட்டராக இருந்தவர்தானே, நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாய். எழுது என்று கத்தினேன். ஏன் என்றாய். போனை வைத்துவிட்டேன். நல்ல ஆளைப் பார்த்துக் கேட்டாய் போ.

அவர் பயப்படுவதும் நியாயம்தான். உனக்குக் கொடுத்திருக்கிற அறை எங்கே இருக்கிறது, பெரிய அதிகாரியின் அறைக்கு நேர் எதிரே, அதுவும் கண்ணாடிக் கதவோடு. யார் உள்ளே போனான், எத்தனை நேரம் உட்கார்ந்தான், கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தானா என்று டீ கொண்டு வருகிறவன் வரைக்கும் கணக்கு வைத்திருப்பான். இந்த லட்சணத்தில் மனம் விட்டுப் பேசுங்கள் என்று சுவரில் நோட்டீஸ் வேறு ஒட்டியிருக்கிறார்கள், வெட்கங்கெட்டவர்கள். எங்கள் காலத்தில் அந்த நோட்டீஸ்கூடக் கிடையாது, ஒரு பலகைதான் இருந்தது. ஆயுத அறை ஜன்னலுக்குப் பக்கத்தில், வரிசையாக ஆணி அடித்து, ஆணிக்கு ஒரு போலீஸ்காரரின் நம்பர் அட்டை. பள்ளிக்கூடம் விட்டு வந்து நீ அதைப் பார்த்துத்தான் எண் படித்தாய். டூட்டிக்கு வருகிறவன் ஜன்னலில் கையெழுத்துப் போடுவான், நான் துப்பாக்கியை எடுத்துக் கொடுப்பேன். ஒருவனுக்கு மனசு சரியில்லை என்று ரிஜிஸ்டரில் ஏறிவிட்டால் அவன் அட்டையைத் திருப்பி மாட்ட வேண்டும், இவனுக்குத் துப்பாக்கி கிடையாது என்று அர்த்தம். மொத்த ஸ்டேஷனும் அதைப் பார்க்கும். அப்புறம் அவனுக்குப் பதவி உயர்வும் வராது, மரியாதையும் வராது, கேட்டில் நின்று வண்டிகளுக்கு சல்யூட் அடித்தே காலம் போகும்.

நெட்டை மாமாவை நீ மறந்திருக்க மாட்டாய். உன்னைத் தோளில் தூக்கி ஸ்டேஷன் மணியை அடிக்க வைத்து என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன். நீ நாலாவது படித்த வருஷம், நசுங்கிப்போன ஒரு காருக்குள்ளிருந்து உன் வயசுப் பிள்ளை ஒன்றை அவன்தான் வெளியே எடுத்தான். ஒரு வாரம் கழித்து ஜன்னலுக்கு வந்தவன் கையெழுத்துப் போடாமல் பேனாவை உருட்டிக்கொண்டே நின்றான். இதை வாங்கினால் வேறு மாதிரி நினைப்பு வருகிறது என்றான். நான் ரிஜிஸ்டரைப் பிரித்தேன். "எழுதிராதீங்கண்ணே, அட்டையைத் திருப்பிட்டா அப்புறம் என்னை எவன் மதிப்பான்" என்றான். நான் எழுதவில்லை. வயிற்று வலி, மூன்று நாள் விடுப்பு என்று போட்டேன். கூட்டாளியின் மானத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அந்த மூன்று நாளும் அவன் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. இரண்டு தெருதான் நடக்க வேண்டும். போனால் என்ன பேசுவது என்று தெரியவில்லை, வேறு ஒரு காரணமும் கிடையாது. நாலாம் நாள் காலையில் முகச்சவரம் செய்து, சட்டையை இஸ்திரி போட்டு வந்து நின்றான். "வயிறு சரியாயிடுச்சுண்ணே" என்று சிரித்தான். பலகையில் அவன் அட்டை நேராகத்தான் தொங்கியது. நான் எடுத்துக் கொடுத்தேன் சின்னவளே, இந்தக் கையால்தான் எடுத்துக் கொடுத்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு அவன் வரவில்லை. வண்டிக் கொட்டகைக்குப் பின்னால் வெடிச் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தவர்கள் ஓடி வந்து சொன்னார்கள்.

துடைக்கும்போது கை தவறி வெடித்துவிட்டது என்று எழுதச் சொன்னார் அதிகாரி. அதையும் நான்தான் எழுதினேன். உனக்கும் அம்மாவுக்கும் அதையேதான் சொன்னேன். அவன் மனைவி என்னை மருந்துக்கடையில் பார்க்கும்போதெல்லாம், நீங்கள் அவருக்குக் கூடப்பிறந்தவர் மாதிரி என்பாள். அந்த வார்த்தைக்குப் பயந்து நான் கடையையே மாற்றிவிட்டேன். இந்த வேலைக்குப் போகிறேன் என்று நீ சொன்னபோது நான் ஏன் ஒரு மாசம் உன்னோடு பேசாமல் இருந்தேன் என்று இப்போது உனக்குத் தெரிந்திருக்கும்.

அதனால் எழுது. கூரியர்க்காரன் நாளைக் காலையில், வியாழக்கிழமையே, கொண்டு வந்து கொடுத்துவிடுவேன் என்று சத்தியம் செய்கிறான். படித்த உடனே எழுந்து போய் எழுது. ஆனால் அவர் முதுகுக்குப் பின்னால் எழுதாதே, அவரிடம் சொல்லிவிட்டு எழுது. துப்பாக்கி கிடையாது என்று அவரிடம் சொல்லும்போது கூடவே போய் நில். விடுப்பில் இருக்கிறவரின் வீட்டுக் கதவைப் போய்த் தட்டு, என்ன பேச வேண்டும் என்று உனக்காவது சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கண்ணாடிக் கதவுக்கு ஒரு திரை வாங்கி மாட்டு, அதிகாரி கேட்டால் வெயில் அடிக்கிறது என்று சொல். அந்தப் போலீஸ்காரர் உன்னைச் சும்மா விட மாட்டார், நம்பிக் கெட்டேன் என்பார், நாலு பேர் முன்னால் வைத்து வாய்க்கு வந்தபடி பேசுவார். வாங்கிக்கொள். இருபத்திரண்டு வருஷமாக அப்படி ஒரு திட்டு எனக்குக் கிடைக்கவில்லை. நெட்டை ஒரு நாள் வாசலில் வந்து நின்று, என் பிழைப்பைக் கெடுத்துட்டீங்களேண்ணே என்று கத்த மாட்டானா என்று இருக்கிறது.

நீ நன்றாக இரு, உன்னிடம் வருகிறவர்களும் நன்றாக இருக்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடு. ஞாயிற்றுக்கிழமை காலையில் உன் அம்மா காய்கறி வாங்கப் போவாள், அவளுக்கு இதெல்லாம் இன்னும் தெரியாது, அவள் வருவதற்குள் போன் செய். நான் பேச ஆரம்பித்ததும் மீட்டிங் என்று மட்டும் சொல்லிவிடாதே.

உன் போனுக்குக் காத்திருக்கும்,
அப்பா