பந்திப் பாயில் கச்சேரி

செப்டம்பர் 7, 1936, திங்கள்

காலையில் நல்ல வெயில். மூன்று மணிக்கு மழை. இப்போது ஈரக்காற்று.

எழுத்து கோணல்மாணல். நோட்டு பொறுத்துக்கொள்ள வேண்டும். தண்டவாளத்தில் கடப்பாரை பிடித்த கை, பென்சிலையும் கடப்பாரை மாதிரியே பிடிக்கிறது என்று வாசகசாலை வாத்தியார் சொல்கிறார். ‘ழ’ போடும்போது மூச்சை அடக்க வேண்டியிருக்கிறது. முனை இரண்டு தடவை ஒடிந்துவிட்டது. இருந்தாலும் இது என் எழுத்து. மேலே எழுதியதை நானே திரும்ப வாசித்தேன். வாசிக்க முடிகிறது.

இன்று சேதி ஒன்று. மருதமுத்து தன் மரக்கிடங்கைக் காலி செய்து பாட்டுக் கொட்டகை ஆக்குகிறான். பிரிக்ஃபீல்ட்ஸில் நம் ஆட்களுக்கென்று இதுவரை அப்படி ஓர் இடம் கிடையாது. கோயில் திருவிழாவில் கேட்டால் உண்டு. மற்ற நாளில் கிராமபோன் கடை வாசலில் நின்றுகொண்டுதான். சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு முதல் கச்சேரி. கப்பலில் வந்து இறங்கிய பாகவதர் ஒருவர் பாடுகிறார். பிடில், மிருதங்கம் உண்டு. நூறு பேர் நெருக்கி உட்காரலாம்.

மருதமுத்து சொன்னது: “அண்ணே, எனக்கு மரம்தான் தெரியும். பாட்டுக் கேக்க வர்றவங்க என்ன எதிர்பாப்பாங்கன்னு தெரியாது. நீங்கதான் ஸ்டேஷன் பக்கம் நாலு பேரோட பேசிக்கிட்டே இருக்கீங்களே, விசாரிச்சுச் சொல்லுங்க லா.”

ஒத்துக்கொண்டேன். உட்காரும் இடத்தையும் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

(இனி மருதமுத்து = ம.மு. முழுப் பெயர் எழுதினால் விடிந்துவிடும்.)

செப். 8, செவ்வாய்

வெயில். கால் வலி இல்லை.

விசாரித்தது:

கிளாங்கிலிருந்து கருவாடு கொண்டு வரும் மாரியாயி. “கடைசி ரயிலுக்கு முன்ன மங்களம் பாடிறணும். இல்லேன்னா பாகவதரே எங்களக் கிளாங்குல கொண்டுபோய் விடட்டும்.”

மாட்டுவண்டிக்காரர். வெளியே விடும் செருப்புக்கு யார் பொறுப்பு?

சவரக்கடையில் மூன்று பேர். ஒருவருக்கு வெற்றிலை துப்பச் சட்டி. ஒருவருக்கு இடைவேளையில் தேத்தண்ணி. மூன்றாமவர், “பாட்டு நல்லா இருந்தாப் போதும்.” மற்ற இருவரும் அவரை முறைத்தார்கள்.

பக்கத்து வீட்டுச் சூசையம்மா. கைப்பிள்ளையைக் கொண்டு வரலாமா? அழுதால் வெளியே போகிறேன், ஆனால் திரும்பி வந்தால் என் இடம் எனக்கு வேண்டும்.

ரயில்வே ஆபீஸ் கிராணி (குமாஸ்தா) தம்பிப்பிள்ளை, யாழ்ப்பாணத்துக்காரர், சங்கீதம் படித்தவர். “முன்னுக்குச் சாய்மானக் கதிரை போடவேணும். பாட்டுக்கு நடுவிலை ஒருத்தரும் கதைக்கப்படாது. பெண்டுகளுக்குப் பின்னுக்குத் திரை கட்டி விடுங்கோ.” கதிரை என்றால் நாற்காலி. கிளப்பில் இருந்து அவரே நாற்காலி கொண்டு வருகிறாராம்.

எல்லோரையும் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரி அஞ்சலையைக் கேட்டேன். அவள் வலது பக்கமாக உட்கார்ந்து சத்தமாகக் கேட்க வேண்டும். ரப்பர் தோட்டத்தில் இருந்தபோது காய்ச்சலுக்கு அள்ளி அள்ளிக் கொடுத்த கொய்னா மருந்தில் இடது காது போய்விட்டது. வலது காதில் பாதி மிச்சம்.

“நான் வரல” என்றாள்.

“ஏன்?”

“திருவிழாவுல பொம்பளைங்களக் கடைசியில உக்கார வெச்சாங்க. பாடுறவரு வாயத் தொறக்கறதும் மூடுறதும் தெரிஞ்சுது. அதுக்கு நம்ம வீட்டுக் கோழியப் பாத்துக்கிட்டு இருப்பேன்.”

கல்யாணமான புதிதில் அவள் பாடுவாள். அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

“முன்னால இடம் பிடிச்சுத் தர்றேன்” என்றேன்.

“பிடிங்க, பாப்போம்.”

செப். 9, புதன்

மழை வரும் நேரம் பார்த்துக் கொட்டகைக்குப் போனேன். தகரக் கூரை. மழை பிடித்ததும் ம.மு. ஒரு கோடியில், நான் மறு கோடியில். “பாகவதர் வந்துட்டாரா?” என்று கத்தினேன். அவன் குடையை எடுத்துக்கொண்டு வந்து நீட்டினான்.

இந்த ஊரில் சாயங்கால மழை இல்லாத சனிக்கிழமை எது? தகரத்தின் மேல் அத்தாப்பு ஓலை வேய முடிவு. கம்பத்திலிருந்து, அதாவது மலாய்க் கிராமத்திலிருந்து, ஒருவர் நாளை வண்டியில் ஓலை கொண்டு வருகிறார்.

கிராணியும் வந்தார். திரைத்துணி அவரே வாங்கிவிட்டார். நல்ல துணி, நீலம். நான் சொன்னேன், “ஐயா, பொம்பளைங்கள ஒரு பக்கமா முன்னாடியே உக்கார வைக்கலாமே.”

“அப்ப கதிரையை எங்கை போடுறது?”

ம.மு. இரண்டு பேர் முகத்தையும் பார்த்தான். பிறகு கூரையைப் பார்த்தான். கிராணிதான் நாற்காலி தருகிறார். முன்னால் நாற்காலி, நடுவில் ஆண்களுக்குப் பாய், கடைசியில் திரை, திரைக்குப் பின் பெண்கள். அப்படியே முடிவாகிவிட்டது.

அஞ்சலையிடம் சொல்லவில்லை.

செப். 11, வெள்ளி

நேற்று எழுதவில்லை. ஓலை வேய்வதைப் பார்த்துக்கொண்டே நின்றதில் கழுத்து வலி. ஓலை பச்சை வாசனை.

சட்டி வாங்கியாயிற்று. தேத்தண்ணிக்கு ஆள் சொல்லியாயிற்று. செருப்புக்கு வாசலில் மாட்டுவண்டிக்காரரையே நிறுத்தியாயிற்று. கேள்வி கேட்டவர்தானே.

பாய் போட முனியாண்டியும் அவன் ஆட்களும். கோயிலில் அன்னதானம் என்றால் அவர்கள்தான். வேகமான கை. “ஆம்பளைக்கு ரெண்டு வரிசை, பொம்பளைக்கு ரெண்டு வரிசை, நீட்டா போட்டுருங்கப்பா” என்றேன். “அது எங்களுக்குச் சொல்லணுமா அண்ணே” என்றான்.

வீட்டில் அஞ்சலை பச்சைச் சேலையைக் கொடியில் போட்டுக் காற்றாட விட்டிருந்தாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் மடித்து உள்ளே வைத்துவிடுவாள். நாளை திரைக்குப் பின்னால் அவளை எப்படி உட்காரச் சொல்வேன்?

செப். 12, சனி, மத்தியானம்

கிளாங் ஆட்களை ரயிலில் இருந்து கூட்டி வரப் போகிறேன். வானம் மூட்டம். கிளப்பில் இன்று ஏதோ விருந்தாம், நாற்காலி இரண்டுதான் வந்திருக்கிறது. கிராணி முகம் சரியில்லை. ஓடுகிறேன்.

செப். 13, ஞாயிறு

எங்கிருந்து தொடங்குவது? மெதுவாக எழுதுகிறேன். இன்று முழுவதும் நேரம் இருக்கிறது.

கிளாங் ஆட்களோடு நான் கொட்டகைக்குள் நுழைந்தபோது ஜனம் உட்கார்ந்தாகிவிட்டது. மேடை அந்தக் கோடியில். பாகவதர் மேடையில். ஆனால் ஒருவர் முகமும் மேடைப் பக்கம் இல்லை. பாய்கள் நீள வாக்கில், எதிரும் புதிருமாக. இந்தப் பக்கம் இரண்டு வரிசை ஆண்கள், அந்தப் பக்கம் இரண்டு வரிசை பெண்கள், நடுவில் பரிமாறுகிறவன் நடக்க அகலமாக வழி. சாட்சாத் பந்தி. பாயைக் கண்டதும் ஜனமும் பழக்கத்தில் சம்மணம் போட்டு எதிர் வரிசையைப் பார்த்து உட்கார்ந்துவிட்டது. ஒருவருக்கும் வித்தியாசமாகப் படவில்லை.

சவரக்கடை ஆட்களில் ஒருவர், “எல எங்கப்பா? எனக்கு ரசம் மட்டும் போதும்” என்றார். அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது. கொட்டகையே சிரித்தது.

நான் முனியாண்டியைத் தேடிப் பிடித்தேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. “பாய்னா இப்படித்தானே அண்ணே போடுவோம்? வேற எப்படிப் போடுறது?”

கிராணி திரைத்துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கட்ட இடம் இல்லை. வந்த இரண்டு நாற்காலியும் தலைவாசலில் கிடந்தன. ம.மு. மேடையில் ஏறி, “எல்லாரும் ஒரு தடவை எந்திரிச்சுத் திரும்பி உக்காருங்க” என்றான். சூசையம்மா எழுந்திருக்கவில்லை. மடியில் பிள்ளை அப்போதுதான் தூங்கியிருந்தது. மாரியாயி, “எந்திரிச்சு, பாய் மாத்தி, திரும்ப உக்காந்து, அதுக்குள்ள எங்க ரயில் போயிரும். இப்படியே பாடச் சொல்லுங்க” என்றாள்.

பாகவதர் நல்ல கறுத்த, குள்ளமான மனிதர். சொன்னார்: “இத்தனை ஊர் பாடியாச்சு. எல்லார் காதும் என்னைப் பாத்து, ஒரு மூஞ்சிகூட என்னைப் பாக்காத சபை இதுதான். பரவாயில்லை, எனக்குக் காதுதான் வேணும்.”

தன் ஜமுக்காளத்தைத் தானே சுருட்டினார். மேடையை விட்டு இறங்கி வந்து பந்தி நடுவில், சோறு போடுகிறவன் நிற்கும் இடத்தில், விரித்து உட்கார்ந்தார். பிடில்காரர் ஒரு பக்கம். மிருதங்கம் மறு பக்கம்.

அஞ்சலை பெண்கள் முன்வரிசையில், நடுவில். அவளுக்கு நான் இடம் பிடிக்கவில்லை. அவளே வந்து, இருக்கிற இடத்தில் உட்கார்ந்திருந்தாள். பாகவதருக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு சாப்பாட்டு இலை அகலம்தான்.

முதல் பாட்டு. அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குத் தோன்றவில்லை. எதிர் வரிசையில் இருந்து இவளையே பார்த்தேன். முதலில் வலது காதைத் திருப்பி வைத்தாள். பிறகு நேராக உட்கார்ந்தாள். அப்புறம் கை தொடையில் தட்ட ஆரம்பித்தது. தாளம் ஓர் இழை பிந்தித்தான் விழுந்தது. அதனால் யாருக்கு என்ன?

மழை வந்தது. ஓலை தாங்கியது, உஸ் என்ற சத்தம் மட்டும். ஒரு பாட்டு ஆண்கள் பக்கம் பார்த்து, ஒரு பாட்டு பெண்கள் பக்கம் பார்த்து, மாறி மாறித் திரும்பிப் பாடினார் பாகவதர். கிராணி கொஞ்ச நேரம் நாற்காலியில் இருந்தார். அங்கே இருந்து பார்த்தால் பிடில்காரர் முதுகுதான். மெல்ல வந்து எனக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தார். “கொஞ்சம் தள்ளி இருங்கோ அண்ணை” என்றார். நான் ஆபீஸ் பக்கம் போனபோது ஒரு நாளும் அண்ணை என்று கூப்பிட்டதில்லை.

கிளாங் ரயிலுக்கு முன்னால் மங்களம் முடிந்தது. செருப்பு ஒரு ஜோடி மாறிப்போனது. மாட்டுவண்டிக்காரருடையது.

குறைகளும் உண்டு. கோடியில் இருந்தவர்களுக்குப் பாகவதர் தலை மட்டும் தெரிந்தது. தேத்தண்ணி ஆறிப்போனது. சட்டியை ஒருவர் உதைத்துவிட்டார்.

செப். 14, திங்கள்

வெயில். பென்சில் நகத்தளவு ஆகிவிட்டது, இந்தப் பக்கத்துக்கு வருமோ என்னவோ.

ம.மு. வீட்டுக்கு வந்தான். அடுத்த சனிக்கிழமையும் கச்சேரி. “இந்தத் தடவை ஒழுங்காப் போடணும் அண்ணே. நாற்காலி, பாய், திரை. முனியாண்டிய விட்டு வேற ஆள் பாக்கறேன். ஊர்ல சிரிக்கிறாங்க லா.”

நான் வாயைத் திறக்குமுன் அஞ்சலை அடுப்படியில் இருந்து வந்தாள். அவன் சொன்னது அவளுக்கு எப்படிக் கேட்டது என்று தெரியவில்லை. முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டிருப்பாள்.

“தம்பி, சிரிச்சவங்கள்ல எத்தன பேரு அடுத்த சனிக்கிழமை வர மாட்டேன்னு சொன்னாங்க?”

ம.மு. யோசித்தான். “யாரும் சொல்லல அக்கா.”

“நான் சொல்றேன். பந்திய மாத்தினா நான் வர மாட்டேன். சூசையம்மாவும் வராது. இங்க இருந்து கிளாங் வரைக்கும் ஒரு பொம்பள வர மாட்டா.”

அவன் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன்.

“கிராணி ஐயா என்ன சொல்வாரோ” என்று இழுத்தான்.

கிராணியைப் போய்க் கேட்டோம். அவர் கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார். பாட்டு இவ்வளவு கிட்ட இருந்து கேட்டது இதுதான் முதல் தரமாம். முதுகுக்கு மட்டும் சுவரோரம் ஒரு பலகை அடித்துத் தரவேணுமாம். திரைத்துணியை என்ன செய்வது என்று கேட்டோம். “பாகவதருக்குக் கீழை விரியுங்கோ.”

ஆக, நடுவில் பாகவதருக்கு முழ உயரத்துக்கு ஒரு மரத் திண்டு, ம.மு.வே அடிக்கிறான், கோடியில் உள்ளவர்களுக்கும் தெரியும்படி. பாய் முனியாண்டியே போடுகிறான். போன தடவை மாதிரியே.

திரும்பி வந்து அஞ்சலையிடம் எல்லாம் சரி என்று சொன்னேன். தலையை ஆட்டினாள். நெஞ்சு நிறைந்துபோய், இதுவரை கேட்காததைக் கேட்டேன். “பாட்டு எப்படி இருந்துச்சு?”

அரிசி புடைத்துக்கொண்டே சொன்னாள். “நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அந்த மிருதங்கக்காரர ஆம்பளைங்க பக்கமா உக்காரச் சொல்லுங்க. சத்தம் தாங்கல, காது அடைக்குது.”

சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை அவர் எந்தப் பக்கம் உட்கார்ந்தார் என்பதை அடுத்த வாரம், புதுப் பென்சில் வாங்கி...