கப்பல்காரன் நான் இல்லை

கார்த்திகை 2, புதன்

விடியலிலிருந்து மழை. காஜா பெராங் ரோட்டில் கணுக்கால் தண்ணீர். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, ஜப்பான் அதிகாரிகள் தங்குகிற தெங்கேரா பங்களாவுக்கு நடை. நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். பிந்தினால் கன்னம் வீங்கும்.

பழைய நோட்டை மறுபடி எடுத்திருக்கிறேன். முன்பக்கமெல்லாம் கப்பல் சமாசாரம். கேபின் நம்பர், பயணி பெயர், தேநீர் எத்தனை மணிக்கு, தலையணை ஒன்றா இரண்டா. அத்தனையும் கிழித்து அடுப்பில் போட்டாயிற்று. மிச்சம் வெள்ளைத் தாள். எழுதுவது ஆபத்துதான். எழுதாவிட்டால் தலை வெடித்துவிடும்போல இருக்கிறது. வீட்டில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் இல்லை. என் மனைவி நாகம்மா, தலைமுறையாக இங்கேயே இருக்கிற கம்போங் செட்டி ஊர்ப் பெண். கும்பிடுகிற சாமி நம் சாமி, பேச்சு முழுக்க மலாய். எட்டிப் பார்த்து, "கோழி கிளறின மாதிரி இருக்கு" என்றாள். நல்லதாகப் போயிற்று.

போன மாசம் துறைமுக ஆபீசில் போர்டு. கப்பலில் வேலை பார்த்தவர் எல்லாரும் பெயர் கொடுக்க வேண்டும். ஏழு பேர் கொடுத்தார்கள். ஏழு பேரையும் ஜப்பான்காரர்கள் சரக்குக் கப்பலில் ஏற்றினார்கள். ஒருவரிடமிருந்தும் சேதி இல்லை. அந்தக் கப்பல்களை நீர்மூழ்கி ஒன்றொன்றாக முக்குகிறதாம். மீன் சந்தையில் காதோடு காதாக இதே பேச்சு.

நான் பெயர் கொடுக்கவில்லை. பங்களாவில் சொல்லி வைத்திருப்பது, தோட்டத்துத் துரை வீட்டில் பட்லராக இருந்தேன் என்று. பத்தொன்பது வருஷம் பயணிகள் கப்பலில் கேபின் கவனிக்கிற ஸ்டூவர்ட் என்பது கம்போங்குக்குத் தெரியும். அவர்கள் வாய் திறக்கமாட்டார்கள். மறைத்தவன் அகப்பட்டால் கெம்பெத்தாய், ஜப்பான் ராணுவப் போலீஸ். அவர்கள் கட்டடம் இருக்கிற தெருவில் நான் நடப்பதே இல்லை.

கார்த்திகை 3, வியாழன்

மழை விட்டு விட்டு. அரிசி இல்லை. மரவள்ளிக் கிழங்கு, உப்பு, ஒரு துண்டு கருவாடு.

பங்களாவில் தங்கியிருப்பவர்கள்:
க. (கண்ணாடிக்காரர், பெரிய அதிகாரி, பெயர் எழுதமாட்டேன்): தேநீர் 5.30. சர்க்கரை வேண்டாம். ஜன்னல் பாதி திறப்பு.
மீ. (மீசை): வெண்ணெய் கேட்பார். வெண்ணெய் இல்லை. கன்னத்தில் ஒன்று.
தை. (தைவான்காரர், மொழிபெயர்ப்பு, மலாய் நன்றாகப் பேசுவார்): மிச்சம் வைக்கமாட்டார்.

எழுதி முடித்துப் பார்த்தால், கேபின் நோட்டு எழுதுகிற அதே வழக்கம். கோடு போட்டு அடிக்கப் போனேன். அடித்தால் மட்டும் என்ன. கை போகிற வழியில்தான் போகிறது.

கார்த்திகை 4, வெள்ளி

இன்று வேண்டுமென்றே மோசமாக வேலை செய்வது என்று முடிவு. க. அறையில் படுக்கை போட்டேன். ஓரத்தைத் தூக்கி, மடக்கி, மெத்தைக்கு அடியில் இறுக்கிச் செருகியாயிற்று. கப்பல் புரண்டாலும் ஆள் உருளாத கட்டு. இதைப் பார்த்தால் கப்பல்காரன் என்று தெரிந்துவிடும். பிரித்தேன். சுருக்கம் விழுகிற மாதிரி இழுத்துவிட்டேன். மனசே வரவில்லை. வெட்கமாகக்கூட இருந்தது, பயத்தின் நடுவில்.

குசினியில் ஆ சூன் பார்த்துச் சிரித்தார். ஹைனான் சீனர், காப்பிக்கடை வைத்திருந்தவர், இப்போது பங்களாவுக்குச் சமையல். இந்த ஊரிலேயே பிறந்தவர். ஆற்றில் சம்பான் படகு ஏறினாலே வாந்தி எடுப்பார். "உனக்கு என்ன, ஒரு நாள் மணிக்கணக்காகத் தட்டைத் துடைக்கிறாய், ஒரு நாள் துடைக்கவே மாட்டேன் என்கிறாய்" என்றார். உடம்பு சரியில்லை என்றேன்.

அவருடைய ரொட்டி: மரவள்ளி மாவு, தேங்காய்த் திப்பி. மேலே பூச சிவப்புப் பனையெண்ணெய். க. அதைக் கத்தியால் நான்காக வெட்டி மரியாதையாகச் சாப்பிடுகிறார்.

கப்பலில் நான் சேர்ந்தபோது முதல் வகுப்புக்குக் காலைப் பலகாரம் பதினோரு வகை. எங்களில் ஆளுக்கு ஆறு கேபின். தினம் புது விரிப்பு. ரப்பர் விலை விழுந்த வருஷங்களில் வகை ஏழாயிற்று, கேபின் பத்தாயிற்று, விரிப்பு இரண்டு நாளுக்கு ஒருமுறை. குறைப்பது பயணிக்குத் தெரியக்கூடாது என்று உத்தரவு. சின்னத் தட்டில் வைத்தால் நிறைய இருக்கிற மாதிரி தெரியும். சோப்பைப் பாதியாக நறுக்கிப் புது உறையில் போடுவோம். ஒரு வெள்ளைக்கார அம்மாள் மட்டும் கண்டுபிடித்துவிட்டாள். "சோப்பு குழந்தை போட்டிருக்கிறதா?" என்று கேட்டாள். யுத்தம் வந்ததும் டின் மீன், மாவுப் பால், கேபின் ஜன்னலுக்குக் கறுப்புச் சாயம். ஆனால் காலைத் தேநீர் மட்டும் ஒரு நிமிஷம் பிந்தியதில்லை. அதை யாரும் குறைக்கவில்லை.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன். பைத்தியம்.

கார்த்திகை 6, ஞாயிறு

வெயில். துணி காய்ந்தது. சந்தோஷப்பட ஒன்று.

க. இன்று தை.யைக் கூப்பிட்டு என்னிடம் சொல்லச் சொன்னார். வாலிபத்தில் படிக்கப் போனபோது பெரிய கப்பலில் முதல் வகுப்பாம். அந்தச் சாப்பாட்டையும் அந்தக் கவனிப்பையும் பிறகு எங்கும் பார்க்கவில்லையாம். இந்த வீட்டில் இப்போது அந்த ஞாபகம் வருகிறதாம். "உன்னைப் பாராட்டுகிறார்" என்றார் தை. நான் குனிந்து நின்றேன். 

நாகம்மாவிடம் சொன்னேன். கிழங்கு சீவிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். "உன் கெட்டிக்காரத்தனத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போக முடியாதா?" பிறகு அழுதாள். இவளுக்கும் இரண்டு பெண்களுக்கும் என்னை விட்டால் யார். நான் போய் எந்தக் கடலில் கிடந்தாலும் இவளுக்குச் சேதிகூட வராது.

கார்த்திகை 8, செவ்வாய்

 ஒழுங்காக எழுத வேண்டும்.

சிங்கப்பூரிலிருந்து, இப்போது ஷோனான் என்று சொல்ல வேண்டும், கடற்படை அதிகாரி ஒருவர் வந்தார். பகல் விருந்து, எட்டுப் பேர். மேசை பின்கூடத்தில். அந்தக் கூடம் கடலுக்குள் தூண் நட்டுக் கட்டினது. பதினோரு மணிக்குச் சுமத்ராப் பக்கமிருந்து காற்று கிளம்பியது. கடல் ஏறியிருந்த நேரம். அலை தூணில் மோத, பலகைத் தரை காலுக்கடியில் அதிர்ந்தது. குவளைகள் ஒன்றோடொன்று கிணுகிணு. அவ்வளவுதான். தண்ணீரை எடுத்து மேசைத்துணி முழுக்கத் தெளித்தேன். உள்ளங்கையால் நீவினேன். அதன்மேல் தட்டுகளை வைத்தேன். ஈரத்துணியில் தட்டு நழுவாது. கப்பல் ஆடுகிற நாளில் சாப்பாட்டுக் கூடத்தில் முதல் வேலை இதுதான். சூப்பையும் பாதித் தட்டுக்குத்தான் ஊற்றினேன், சிந்தாமல் இருக்க. செய்கிறோம் என்ற நினைப்பே இல்லை. பலகாரத் தட்டோடு திரும்பி வரும்போதுதான் மேசையைப் பார்த்தேன்.

அதற்குள் எல்லாரும் உட்கார்ந்துவிட்டார்கள். வந்தவர் முழங்கையை மேசையில் வைத்தார். ஈரம். சட்டைக் கையைத் தூக்கிப் பார்த்தார். சூப்பைப் பார்த்தார். சிரித்தார். ஏதோ சொன்னார். தை. என் பக்கம் திரும்பி, "இந்த மேசையைப் போட்டவன் கப்பல்காரன் என்கிறார். யார்?" என்றார்.

 எல்லார் கண்ணும் என் மேல்.

"நான் இல்லை துவான். குசினிக்காரர் இப்படிச் செய்யச் சொன்னார்."

கை செய்தது, நான் செய்யவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். இந்தப் பேச்சு கையால் வரவில்லை.

ஆ சூனைக் கூப்பிட்டார்கள். கரித்துணியில் கை துடைத்துக்கொண்டே வந்தார். கப்பலில் இருந்தாயா என்று கேட்டார்கள். அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். "இருந்தேன்" என்றார்.

இத்தனை நாள் மறைத்ததற்கு மீ. இரண்டு அறை விட்டார். மூன்றாவதை வந்தவர் தடுத்தார். அவருடைய கப்பலுக்குச் சமையலும் பரிமாறலும் தெரிந்த ஆள் வேண்டுமாம். சனிக்கிழமை லாரி வரும். க. ஒரு வார்த்தை பேசவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

நான் கோழை. எழுதியாயிற்று.

கார்த்திகை 9, புதன்

மழை. குசினிக்குள் போக மனசு வரவில்லை. போகாமல் எப்படி.

ஆ சூன் மீன் செதில் எடுத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"ஏன் ஆமாம் என்றீர்கள்?"

"இல்லை என்றால்? சீனன் பேச்சை நம்புவானா? முதலில் என்னை அடிப்பான், அப்புறம் உன்னை அடிப்பான். கடைசியில் இரண்டு பேரும் போவோம்."

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். கத்தியை நீட்டினார். "அது வேண்டாம். நீ என்னைக் கப்பலில் ஏற்றிவிட்டாய். கப்பலையும் நீயே கற்றுக்கொடு. அங்கே போய் ஒன்றும் தெரியாமல் நின்றால் பொய் சொன்னவன் என்று தலையை எடுப்பான். மூன்று நாள் இருக்கிறது."

கார்த்திகை 10, வியாழன்

பகல் சாப்பாடு முடிந்து இரண்டு மணி நேரம். கற்றுக்கொடுத்தது:

தட்டை விரலில் அல்ல, உள்ளங்கையில், தோளுக்கு நேராக.
முழங்காலைத் தளர்த்தி நட. தரை எழும்பினால் நீயும் எழும்பு.
சூப் பாதி. தேநீர் முக்கால்.
அலமாரிக் கதவை ஒவ்வொரு முறையும் கொக்கி போடு.
கேபின் கதவை இரண்டு தட்டு. பதில் வராமல் உள்ளே போகாதே.

மண்ணெண்ணெய் டின் மேல் பலகை. அதில் ஏறி நின்று தட்டை ஏந்தச் சொன்னேன், நான் பலகையை ஆட்டினேன். இரண்டாவது ஆட்டத்தில் முகம் வெளுத்துவிட்டது. தட்டைப் போட்டுவிட்டுக் கொல்லைக்கு ஓடினார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும். வாயைக் கழுவிவிட்டு மறுபடி பலகையில் ஏறினார்.

கார்த்திகை 11, வெள்ளி

தூக்கம் இல்லை. வாசலில் சைக்கிள் நின்றால்கூட எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன்.

ஆ சூன் இன்று விழவில்லை. நான்கு தட்டு, இரண்டு குவளை, ஒரு சொட்டு சிந்தவில்லை. கெட்டிக்காரர். அவர் மனைவி இரண்டு சட்டையை ஒட்டுப்போட்டுக் கொண்டுவந்தாள். பலகை மேல் ஆடுகிற புருஷனைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என்னிடம், "நல்லாச் சொல்லிக்கொடுங்க" என்றாள். அவளிடம் அவர் ஒன்றுமே சொல்லவில்லை. நான் மாட்டிவிட்ட கதை அவளுக்குத் தெரியாது.

அவள் போன பிறகு மீதியைச் சொன்னேன். மேல்தளத்துக்கு ஏணி எங்கே என்று முதல் நாளே பார். எத்தனை படி என்று எண்ணு. கண்ணை மூடிக்கொண்டு ஏறிப் பழகு. சங்கு ஊதினால் சாமான் எடுக்கத் திரும்பாதே. நீந்தத் தெரியுமா என்று கேட்டேன். தெரியாதாம். அதை நான் எப்படிக் குசினியில் கற்றுக்கொடுப்பது.

நாகம்மாவிடம் சொன்னேன், நாளைக் காலை உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன் என்று. அவள் சின்னவளைத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போய்விட்டாள்.

கார்த்திகை 12, சனி

லாரி ஏழு மணிக்கு. க. வராந்தாவில் தேநீரோடு நின்றார். எனக்கும் அவருக்கும் பத்தடி. வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

ஆ சூன் மூட்டையோடு ஏறினார். ஏறி உட்கார்ந்து என்னைப் பார்த்து, "தேநீர் முக்கால், சரிதானே?" என்றார். சரி என்றேன். லாரி போய்விட்டது.

கார்த்திகை 14, திங்கள்

தூறல். சமையலும் இப்போது நான்தான். கிழங்கு அடிப்பிடித்தது.

5.30க்குத் தேநீர் கொண்டுபோனேன். இரண்டு தட்டு தட்டினேன். க. எழுந்து உட்கார்ந்திருந்தார். கதவைச் சாத்தச் சொல்லிக் கையைக் காட்டினார். பிறகு பேசினார், இங்கிலீஷில். இத்தனை மாசத்தில் அவர் வாயில் ஒரு இங்கிலீஷ் வார்த்தை கேட்டதில்லை. நல்ல சுத்தமான இங்கிலீஷ்.

"நீ கப்பல் ஸ்டூவர்ட். வந்த முதல் வாரமே தெரியும். படுக்கையைப் பார்த்தேன்."

தட்டை வாங்கி அவரே மேசையில் வைத்தார்.

"அன்றைக்கு நான் வாயைத் திறந்திருந்தால் அந்தக் கடற்படைக்காரர் உன்னைக் கொண்டுபோயிருப்பார். சமையல்காரன் எங்கேயும் கிடைப்பான். உன்னை மாதிரி ஆள் கிடைக்கமாட்டான். அதனால் அவனைப் போகவிட்டேன். இனிமேல் படுக்கையைக் கலைத்துவிட்டு நடிக்காதே. ஒழுங்காக வேலை செய்."

அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. ஒரு நல்ல தேநீருக்காக ஒரு மனிதனைக் கடலுக்கு அனுப்பியிருக்கிறார். நானும் அனுப்பினேன்.

"தேங்க் யூ, சார்" என்றேன். பயணி இறங்கும்போது சொல்லுகிற அதே குரலில் வந்தது. உயிர் தப்பியது என்று சந்தோஷம் வந்தது. முதலில் வந்தது அதுதான். அதையும் எழுதிவிடுகிறேன்.

இப்போது மணி நான்கு. வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன். நாகம்மா கூப்பிடுகிறாள். ஆ சூன் மனைவி வந்திருக்கிறாளாம். புருஷனுக்குச் சொல்லிக்கொடுத்ததற்காக இரண்டு முட்டை கொண்டுவந்திருக்கிறாளாம். என் கையில்தான் கொடுப்பேன் என்று வாசலிலேயே நிற்கிறாளாம்.