கடைசிக் கால்பகுதிக்குத் திறக்கும் வாசல்

அப்பா,

உங்கள் சாம்பல் நிறக் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். அம்மா அதைக் கதவுக்குப் பின்னாலிருந்து இன்னும் எடுக்கவில்லை. தோய்க்கவும் இல்லை. கையை மடித்தால் யூகலிப்டஸ் தைலம் மணக்கிறது. நீங்கள் ஒரு நாளும் பந்து உதைத்தவர் இல்லை. ஆனால் நீங்கள் சீட்டு விற்ற தகரக் கூண்டுக்கும் ஆட்டக்காரர் உடைமாற்றும் அறைக்கும் நடுவில் ஒரு பலகைதான் இருந்தது. அவர்கள் காலில் தேய்த்ததெல்லாம் உங்கள் கோட்டில் ஏறியிருக்கிறது.

அம்மா அடுத்த அறையில் படுத்திருக்கிறார். வெளிச்சம் போகாமல் கதவின் அடியில் துவாயைச் சுருட்டி வைத்திருக்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.

இன்று பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது கெவின் வீட்டு வாசலில் நின்றார். உங்கள் கல்லூரிக் கால்பந்துச் சங்கத்தின் செயலாளர் வீடு தேடி வந்தது இதுதான் முதல் தடவை. அம்மா வேலையில் இருந்தார். மைதான வாசலின் சாவி உங்களிடம் இருந்ததாம், அதைக் கேட்டு வந்தாராம். இந்தக் கோட்டுப் பைக்குள்தான் இருந்தது. எடுத்து நீட்டினேன். அவர் உடனே வாங்கவில்லை. நாளைக்கு நம் மைதானத்தில் இந்த வருடத்தின் கடைசி ஆட்டம், வாசலுக்கு ஆள் இல்லை என்றார். நாளைக்கும் சனம் வராவிட்டால் அடுத்த வருடம் அணியே இல்லை, குழு அப்படித்தான் முடிவெடுக்கும் என்றார்.

“நான் இருக்கிறேன்” என்று சொல்லிவிட்டேன்.

“உன் அம்மா ஒன்றும் சொல்லமாட்டாரா?”

“மாட்டார்” என்றேன். அது பொய். சாவி என் கையிலேயே இருந்துவிட்டது.

அம்மாவுக்கு அந்த இடம் முதலிலிருந்தே பிடிக்காது. நாங்கள் மெல்பேர்னுக்கு வந்த முதல் குளிர்காலம் அது. யாழ்ப்பாணத்தில் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வரைபடம் வரைந்த உங்களுக்கு இங்கே தொழில்நுட்பக் கல்லூரிப் பட்டறையில் கருவிகளை எடுத்துக் கொடுக்கும் வேலைதான் கிடைத்தது. சனிக்கிழமைகளில் வாசலில் இருக்க முடியுமா என்று சங்கத்தார் கேட்டதும் ஓம் என்று வந்துவிட்டீர்கள்.

“படம் கீறின கையாலை ரிக்கற் கிழிக்கப் போறியளோ?” என்று அம்மா கேட்டார்.

“இஞ்சாரும், கிழிக்கிறதையும் நேரா அளந்துதான் கிழிப்பன்” என்றீர்கள்.

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார்.

முதல் சனிக்கிழமை நீங்கள் செய்த பிழையைச் சங்கத்தில் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். ஆட்டம் தொடங்கிவிட்டது. மைதானம் தெரிகிற மேட்டுத் தெருவில் கார்கள் வரிசையாக நின்றன, உள்ளே ஆட்கள் இருந்தார்கள், ஒருவரும் இறங்கவில்லை. அவர்கள் ஏன் இறங்கவில்லை என்று எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

“ஏன் பிள்ளை இவையள் வெளியிலையே நிக்கினம்? ஒருத்தரும் கூப்பிடேல்லையோ?” என்று கேட்டீர்கள்.

கூண்டை என்னிடம் விட்டுவிட்டு, கோட்டுப் பொத்தான்களைப் பூட்டி, தலையைக் கையால் ஒருமுறை வாரிக்கொண்டு நடந்தீர்கள். கலியாண வீட்டுப் பந்தலில் நின்று ஆட்களை வரவேற்கப் போகிறவர் மாதிரியே இருந்தது. ஒவ்வொரு காராகக் குனிந்து, கண்ணாடியைத் தட்டி, “ப்ளீஸ் கம், கம் இன்சைட், மட்ச் ஸ்டாட்டட்” என்று இரண்டு கைகளாலும் வழியைக் காட்டினீர்கள்.

அவர்கள் வழி தெரியாமல் நின்றவர்கள் இல்லை. இந்த நாட்டுக் கால்பந்தில் ஓர் ஆட்டத்துக்கு நான்கு கால்பகுதிகள். மூன்றாவது முடிந்ததும் வாசலைத் திறந்துவிடுவது இங்கே வழக்கம், கடைசிக் கால்பகுதிக்கு ஒருவரிடமும் காசு கேட்பதில்லை. அதற்காகத்தான் காருக்குள் இருந்தார்கள். காசு கொடுக்காமல் காத்திருக்கிறவர்களை வீடு வீடாய்ப் போய் அழைக்கிறமாதிரி அழைத்தால் அவர்கள் என்ன செய்வார்கள்? வெட்கப்பட்டு இறங்கி வந்தார்கள். பச்சைக் காரில் இருந்த டொறீன் என்ற வயதான அம்மா பின்னிக்கொண்டிருந்த கம்பளி நூலோடு வந்து சீட்டு வாங்கினார். இந்த அணிக்கு ஒரு காலத்தில் விளையாடிய அவருடைய கணவர் பின்னால் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். தன்னை இந்த மைதானத்துக்குள் ஒருவரும் இதுவரை கூப்பிட்டதில்லை என்று டொறீன் உங்களிடம் சொன்னார்.

பிறகு கெவின் விளக்கிச் சொன்னபோது நீங்கள் தலையில் கை வைத்தீர்கள். ஆனால் அடுத்த சனிக்கிழமையும் போனீர்கள். “தெரியாமல் கூப்பிட்டாச்சு. இனித் தெரிஞ்சுகொண்டு கூப்பிடாமல் விட்டால் மரியாதையில்லை” என்றீர்கள்.

எல்லாக் காரும் அப்படி இல்லை. ஒரு வெள்ளைக் கார் நிற்கும். ஒரு சனிக்கிழமை நானும் உங்கள் பின்னால் வந்திருந்தேன். அந்த மனிதர் உங்களைப் பார்த்து, எங்கிருந்து வந்தாயோ அங்கேயே போ என்று சொன்னார். அதற்கு மேலும் ஒரு சொல் சொன்னார், அதை எழுதமாட்டேன். கண்ணாடியை உயர்த்திவிட்டார். நீங்கள் நிமிர்ந்து, “ஆளுக்குக் குளிராக்கும்” என்று என்னிடம் சொல்லிவிட்டு அடுத்த காருக்குப் போனீர்கள். உங்களுக்கு விளங்கியதா இல்லையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. நான் கேட்கவில்லை, அம்மாவிடமும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு நான் கூண்டுக்குள்ளேயே இருந்துகொண்டேன்.

போன வருடம் சனம் குறையத் தொடங்கியது. கலர்த் தொலைக்காட்சி வந்துவிட்டது, பெரிய அணிகளை வீட்டிலிருந்தே பார்க்கலாம், கல்லூரி அணியைப் பார்க்க மழைக்குள் யார் வருவார்கள் என்று கெவின் சொன்னார். ஆட்கள் குறைந்ததால் சங்கம் சீட்டின் விலையைக் கூட்டியது. விலை கூடியதும் இன்னும் சிலர் காரிலேயே தங்கினார்கள். இந்த வருடம் ஒரு டொலர் ஆக்கினார்கள். அன்றைக்குப் பச்சைக் காரும் இறங்கவில்லை. நீங்கள் குனிந்தபோது டொறீன் உங்கள் கையைத் தட்டி, ஓய்வூதியத்தில் இரண்டு பேருக்கு இது கட்டாது, கடைசிக் கால்பகுதிக்கு வருகிறோம் என்றாராம்.

இரவுச் சாப்பாட்டில் நீங்கள் சொன்னது நினைவிருக்கிறது. “வடை ஆற ஆற விலையைக் கூட்டுறாங்கள். ஆர் வாங்குவினம்?”

“வடை நல்லா இருந்தாத்தானே” என்றார் அம்மா. உங்கள் அணி இந்த வருடம் எல்லா ஆட்டத்திலும் தோற்றுக்கொண்டிருந்தது அம்மாவுக்கும் தெரிந்திருந்தது.

மே மாதத்தில் குழு இன்னொன்று செய்தது. எல்லாரும் கடைசிக் கால்பகுதிக்காகக் காத்திருக்கிறார்கள், அதனால்தான் சீட்டு விற்பதில்லை என்று சொல்லி, இனி ஆட்டம் முடியும்வரை வாசலைத் திறக்கக் கூடாது என்றார்கள். நீங்கள் கூட்டத்தில் எழுந்து பேசினீர்கள். உங்கள் ஆங்கிலத்தை அவர்கள் பொறுமையாகக் கேட்டார்கள், பிறகு கை உயர்த்தி முடிவெடுத்தார்கள்.

அப்பா, அந்த வழக்கம் நின்றதில் உங்களுக்கு என்ன போனது என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. கூண்டு தெருவைப் பார்த்திருக்கிறது. அதற்குள் இருந்தால் மைதானம் தெரியாது. நம் அணி கோல் போட்டால் தெருவில் நிற்கும் கார்கள் ஹோன் அடிக்கும், அதைக் கேட்டுத்தான் நீங்கள் தெரிந்துகொள்வீர்கள். பச்சைக் காரின் ஹோன் கட்டை, தொண்டை கட்டினது மாதிரி. “அது டொறீன்ரை” என்று சொல்லிச் சிரிப்பீர்கள். மூன்றாவது கால்பகுதி முடிந்து வாசலைத் திறந்த பிறகுதான் நீங்களும் கூண்டைப் பூட்டிவிட்டு, காரிலிருந்து வந்தவர்களோடு வேலியில் சாய்ந்து நின்று பார்ப்பீர்கள். அந்த ஒரு கால்பகுதிதான் நீங்கள் பார்த்த ஆட்டம். மே மாதத்திலிருந்து அதுவும் இல்லை. முடியும்வரை கூண்டுக்குள் இருந்தீர்கள். கார்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன.

ஜூனில் நீங்கள் போய்விட்டீர்கள். பட்டறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழும்பவில்லை என்று வந்து சொன்னார்கள்.

செத்தவீடு நடந்த மண்டபத்தில் நாங்கள் சிலர்தான் இருந்தோம். இந்த ஊரில் எங்களுக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்களே கொஞ்சம். ஒரு அங்கிள் தேவாரம் பாடினார். நான் யன்னல் பக்கம் இருந்தேன். வெளியே தெருவில் கார்கள் வரிசையாக நின்றன. உள்ளே ஆட்கள். பச்சைக் காரும் நின்றது. டொறீன் தொப்பி போட்டிருந்தார். எங்கள் முறை அவர்களுக்குத் தெரியாது, வரலாமா கூடாதா என்று தெரியாது. காருக்குள் இருந்து மண்டப வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். போய்க் கூப்பிட ஆளில்லை. கூப்பிடுகிறவர் உள்ளே படுத்திருந்தார்.

அம்மா என் கையைப் பிடித்திருந்தார். நான் எழும்பவில்லை.

உங்களை ஏற்றிய வண்டி வெளியே வந்தபோது ஒரு ஹோன் கேட்டது. ஒரே ஒரு தடவை, கட்டையாக. அம்மா திடுக்கிட்டார்.

“செத்தவீட்டிலை ஆரது ஹோன் அடிக்கிறது? மனுசரோ இவங்கள்!” என்று அழுதார். அன்றைக்குத்தான் சொன்னார், இனி அந்தப் பந்தடிக்காரரின் பேச்சே இந்த வீட்டில் வரக்கூடாது என்று. நான் அது யார் என்றும் ஏன் என்றும் சொல்ல வாய் எடுத்தேன். பக்கத்தில் நின்ற ஓர் ஆன்ரி, பேசாதே என்று கண்ணைக் காட்டினார். அதற்குப் பிறகு சொல்ல ஒரு நேரம் வரவில்லை.

ஆகவே நாளைக்கு நான் போகப்போவது அம்மாவுக்குத் தெரியாது. நூலகத்துக்கு என்று சொல்வேன். அம்மா பிடித்துவிட்டால் என்ன நடக்கும் என்று பயம். ஆனால் அதைவிடப் பெரிய பயம் அந்தத் தெரு. கூண்டுக்குள் இருந்து சீட்டுக் கிழிப்பது எனக்குத் தெரியும். கூண்டை விட்டு இறங்கி ஒவ்வொரு காராகக் குனிய வேண்டுமே. வெள்ளைக் கார் நாளைக்கும் நிற்கும்.

கெவின் போகும்போது திரும்பி நின்று சொன்னார்: “முடியும்வரை திறக்காதே. உன் அப்பாவுக்கும் அதைத்தான் சொல்லியிருந்தோம்.” நான் தலையாட்டினேன்.

எனக்கு விளங்குகிற அளவில் ஒன்றை யோசித்து வைத்திருக்கிறேன். ஆட்டம் தொடங்கியதும் போய்க் கூப்பிடுவேன். ஒரு டொலர் கொடுக்க முடிந்தவர்கள் இப்போதே வரட்டும். முடியாதவர்களிடம் மூன்றாவது கால்பகுதி முடிந்ததும் வாசல் திறக்கும், போய்விடவேண்டாம் என்று சொல்வேன். திறப்பேன். கெவின் கத்தினால் கத்தட்டும், அதற்குப் பிறகு சாவியை அவரிடமே கொடுத்துவிடலாம். அடுத்த வருடம் அணி இருக்குமோ என்னவோ. கூண்டைப் பூட்டிவிட்டு, இந்தக் கோட்டோடு நீங்கள் நிற்கும் இடத்தில் நின்று கடைசிக் கால்பகுதியைப் பார்ப்பேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்வேன். அந்த ஹோனை முதலில் சொல்வேன்.

வெள்ளைக் காரை என்ன செய்வது என்று மட்டும் இன்னும் தெரியவில்லை. நீங்கள் ஒரு சனிக்கிழமையும் அதை விட்டுவிட்டுப் போனதில்லை.

இப்போது யன்னல் கண்ணாடிக்கு முன்னால் குனிந்து நின்று, விரலால் மெல்லத் தட்டி, “ப்ளீஸ் கம், கம் இன்சைட்” என்று சொல்லிப் பார்த்தேன். என் ஆங்கிலம் உங்களுடையதைவிட நல்லது. ஆனால் குரல் நடுங்குகிறது. இரண்டாவது தடவை உங்களைப் போலவே இரண்டு கைகளாலும் வழியைக் காட்டிச் சொன்னேன். கோட்டின் கை நீளம், விரல்கள் வெளியே தெரியவில்லை. மடித்து விட்டுக்கொண்டு இன்னொரு தடவை சொன்னேன்.