முதுகில் தைத்த தயிர் உருண்டைகள்

மேல் மேய்ச்சல் வெளி,
ஜூலை 14.

பெர்மெத்தின் தகப்பனாருக்கு, குல்சைரா அன்போடு எழுதுவது.

இங்கே நான், குழந்தை, உங்கள் அத்தா, பால் கறக்கும் பதினொரு குதிரைகள் எல்லோரும் சௌக்கியம். மாஸ்கோவில் நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்பதைக் கடைசியில்தான் கேட்கப்போகிறேன். அவசரப்பட்டுக் கடைசிப் பக்கத்துக்குத் தாவாதீர்கள்.

பெர்மெத்துக்கு முன்பல் விழுந்துவிட்டது. புதுப்பல் நாய்ப்பல் மாதிரி உறுதியாக முளைக்கட்டும் என்று, நம் வழக்கப்படி கொழுப்பில் பொதிந்து நாய்க்குப் போட்டோம். செம்பட்டைக் குதிரை ஆண்குட்டி போட்டிருக்கிறது.

சிக்னல் கிடைக்கும் மேட்டுக்குப் போய்ப் போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் அங்கே கத்தித்தான் பேச வேண்டும். மாமனாரின் குறட்டையை மலைக்கெல்லாம் சொல்லும் மருமகள் என்று பேரெடுக்க எனக்கு ஆசையில்லை.

ஆமாம், குறட்டைதான். சிரிக்காதீர்கள்.

அத்தை கண்ணை மூடிய பிறகு இதுதான் முதல் கோடை. ஒரே கூடாரம், நடுவில் ஒரு திரை. "தாத்தா லாரி ஓட்டுறாரு" என்கிறாள் உங்கள் மகள். அந்தச் சத்தத்துக்கு நான் பயப்படவில்லை. அது திடீரென்று நின்றுபோகுமே, அதற்குத்தான் பயம். மூச்சே இருக்காது. நான் எண்ணுவேன். இருபது, இருபத்தைந்து. ஒரு நாள் நாற்பது வரை போனேன். பிறகு தண்ணீருக்குள்ளிருந்து தலை தூக்கியவர் மாதிரி ஒரு திணறல். மாமனாரைத் தொட்டு எழுப்பவா முடியும்? கரண்டியால் கொப்பரையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டுவேன். புரண்டு படுத்து, "என்னம்மா அது?" என்பார். "பூனை, அத்தா" என்பேன். நம்மிடம் பூனையே கிடையாது.

பகலில் சேணத்தில் உட்கார்ந்தபடியே தூங்கினார். ஜூன் கடைசியில் ஓடைக்கரையில் குதிரையிலிருந்து விழுந்து தோள் வீங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக அந்தத் தோள்தான் எனக்குச் சாக்கு.

அங்கே முதல் கேள்வியே பேர் என்ன என்பது. மாமனார் பேரை நான் எப்படிச் சொல்ல? பாஸ்போர்ட்டை நீட்டினேன். டாக்டர் அம்மா, "இந்தக் காலத்துலயுமா?" என்று சிரித்தார். தோளைப் பார்த்துவிட்டு அத்தாவிடம், "தூங்கித்தானே விழுந்தீங்க? குறட்டை உண்டா?" என்று கேட்டார்.

"குறட்டையா? எங்க வம்சத்துலயே கிடையாது" என்றார் அத்தா.

பேரைக்கூடச் சொல்லாதவள், அவர் தூங்குகிற விதத்தை அவர் முன்னாலேயே எப்படிச் சொல்வேன்? ஆனால் அந்த நாற்பது என் நெஞ்சில் கிடந்து அடித்துக்கொண்டது. தரையைப் பார்த்தபடி சொல்லிவிட்டேன். "மூச்சு நின்னுபோகுது டாக்டர். நாப்பது வரைக்கும் எண்ணியிருக்கேன்." அத்தாவுக்குக் காது சிவந்துபோயிற்று.

தூக்கத்தில் தொண்டைச் சதை தளர்ந்துபோகுமாம். மல்லாந்தால் நாக்கும் பின்னால் சரியுமாம். குறுகின வழியில் காற்று மோதிச் சதை அதிர்வதுதான் குறட்டை. எல்லாக் குறட்டையும் ஆபத்தில்லை. வழி அடைத்தே போய் மூச்சு நிற்கிறதே, அதுதான் ஆபத்து. ரத்தக் கொதிப்பு ஏறும், இதயம் கெடும், பகலில் கண் சொக்கும். கழுத்து பருத்தவர்களுக்கு இது அதிகமாம். ஓரிரவு அங்கேயே படுக்கவைத்து, விரலில் கிளிப் மாட்டிப் பார்த்தார்கள். மணிக்கு முப்பது முறைக்கு மேல் நிற்கிறது. மூக்கில் மாட்டினால் காற்றை ஊதி வழியைத் திறந்தே வைக்கும் கருவிதான் இதற்குச் சரியான வைத்தியம் என்றார் டாக்டர். அது தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து வர ஒரு மாதமாகும். நம் சூரியத் தகட்டு பேட்டரியிலேயே ஓடுமாம். அதுவரை மல்லாந்து படுக்கக் கூடாது, வோட்காவைத் தொடக் கூடாது, எடையைக் குறைக்க வேண்டும்.

புறப்படும்போது டாக்டர் அம்மா ஒன்று கேட்டார்: "இத்தனை வருஷமா இவர் பக்கத்துல யார் படுத்திருந்தாங்க?"

அத்தாவே பதில் சொன்னார். "எம் பொண்டாட்டிதான். ராத்திரி பூரா முழங்கையால இடிச்சுக்கிட்டே கிடப்பா, சண்டைக்காரி."

"அந்த இடிதாங்க உங்களை இத்தனை நாள் காப்பாத்தியிருக்கு" என்றார் டாக்டர்.

அன்றைக்கே அவருடைய பழைய சட்டையின் முதுகில் ஒரு பை வைத்துத் தைத்தேன். கல்லாகக் காய்ந்த நம் தயிர் உருண்டைகள் ஏழெட்டை அதில் போட்டேன். மல்லாந்தால் முதுகில் குத்துமே. அவர் படுக்கையில் வைத்தேன். அவரும் எடுத்துப் போட்டுக்கொண்டார். மூன்றாம் நாள் சாயங்காலம் சட்டையை என்னிடம் நீட்டினார். "பை காலியா இருக்கும்மா, நிரப்பி வை." ஆடு மேய்க்கும்போது எல்லாவற்றையும் தின்று தீர்த்திருக்கிறார்! திரை வரை போனவர் திரும்பினார். "அவ முழங்கை இதைவிடக் கூர்மை" என்றார். பிறகு, "அந்தப் பூனைகிட்டயும் சொல்லு, இனிமே நிம்மதியாத் தூங்கட்டும்னு."

அவர் போன பிறகு உட்கார்ந்து அழுதேன். அத்தை இடித்துத் திட்டுவதைக் கேட்டு நாமிருவரும் எத்தனை நாள் சிரித்திருக்கிறோம்!

இப்போது உங்கள் விஷயம். வம்சத்திலேயே குறட்டை இல்லை என்று அவர் சொன்னபோது எனக்கு உங்கள் ஞாபகம்தான் வந்தது. அதே கழுத்து. எட்டு வருஷம் இடித்தவள் நான். அறையில் இருப்பவர்கள் உங்கள் கட்டிலை நடைக்குத் தள்ளிவிட்டதாகப் போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். அதன் கீழேயே, கிரேன் கூண்டில் பட்டப்பகலில் ஒரு நிமிஷம் கண் அசந்துவிட்டது என்றும் எழுதியிருந்தீர்கள். அன்றைக்கு இரண்டையும் படித்துச் சிரித்தேன். இப்போது அந்தக் காகிதத்தை மறுபடி மறுபடி எடுத்துப் படிக்கிறேன். கையெடுத்துக் கும்பிடுகிறேன், டாக்டரிடம் போங்கள். போய்ப் பார்க்கும்வரை அந்தக் கூண்டில் ஏறாதீர்கள். உங்கள் மூச்சு நிற்கிறதா என்று ஓரிரவு பக்கத்தில் உட்கார்ந்து எண்ணச் சொல்லி யாரையாவது கேளுங்கள். வெட்கப்படாதீர்கள். நான் வெட்கத்தை விட்டுச் சொன்னதால்தான் உங்கள் அத்தா இன்றைக்கும் ஆடு மேய்க்கிறார்.

இத்துடன் ஒரு சட்டை அனுப்பியிருக்கிறேன். பை முதுகில் இருக்கிறது. பனி விழும்வரை தாங்கும். அதற்குள் ஆண்டவன் உங்களை நல்லபடியாக வீடு கொண்டுவந்து சேர்க்கட்டும். உருண்டைகளை மட்டும் தின்றுவிடாதீர்கள். காலியானால் நிரப்பித் தர நான் அங்கே இல்லை.

உங்கள்
குல்சைரா